பின் கேட்டும் என் பழைய கணக்கும்

பொங்கல் விழாவில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி செய்தி மடல் பொறுப்பாளர் கேட்டார். பத்து நிமிடம் என்று சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். நான் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போனதற்கு நானே பொறுப்பு. அன்று சொந்த ஊருக்குப் போயிருந்தவர்களுக்காகவும், வந்திருந்தும் உறியடிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாதவர்களுக்காகவும் இதோ அந்தப் பேச்சு. மேடையில் விட்டுப்போன இரண்டு கணக்குகளையும் சேர்த்திருக்கிறேன்.



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மகிழ்ச்சியான வாழ்க்கை'. நான் பி.காம். படித்துவிட்டு 38 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். மகிழ்ச்சியைப் பற்றிப் பேச ஆன்மிகப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கூட்டலும் கழித்தலும்தான். ஆகவே தூரத்தைப் பற்றிப் பேசுகிறேன். வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரம், வீட்டுக்கும் கடைக்கும் உள்ள தூரம். இந்த இரண்டு தூரத்தையும் என் வாழ்க்கையில் இரண்டு தடவை தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். முதல் தடவை நஷ்டம் என் வீட்டோடு போயிற்று. இரண்டாவது தடவை உங்களையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

முதல் கணக்கு 1991-ஆம் வருஷத்தது. அப்போது எனக்கு வேலை பாரிமுனையில். வீடு திருவல்லிக்கேணியில், மாடியில் இரண்டு அறை. தண்ணீருக்குக் கீழே இறங்கி அடிபம்பு அடிக்க வேண்டும். குளியலறைக்கு மூன்று குடும்பம் வரிசையில் நிற்கும். கைக்குழந்தை வேறு. சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை வந்தது. வங்கி ஊழியர்களுக்கு வீட்டுக் கடன் குறைந்த வட்டியில் கிடைத்தது. இரண்டு இடம் பார்த்தோம். ராயப்பேட்டையில் ஒரு ஃபிளாட், 3,25,000 ரூபாய். சேலையூரில் அரை கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டினால் எல்லாம் சேர்த்து 2,10,000 ரூபாய். வித்தியாசம் 1,15,000. அந்தக் காலத்தில் என்னுடைய இரண்டரை வருஷச் சம்பளம் அது. ஒரு முழு வெள்ளைத் தாளில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ராயப்பேட்டை, வலது பக்கம் சேலையூர் என்று எழுதினேன். முத்திரைத்தாள் செலவு, மாதத் தவணை, சீசன் டிக்கெட் எல்லாம் எழுதினேன். சேலையூர் ஜெயித்தது. மனைவியிடம் தாளைக் காட்டினேன். "உங்களுக்குச் சரின்னு பட்டா சரிங்க" என்றாள்.

சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன், அங்கிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன், அப்புறம் நடை. வீட்டு வாசலிலிருந்து கவுண்டர் வரை ஒரு மணி இருபது நிமிடம். போக வர இரண்டு மணி நாற்பது நிமிடம். வருஷத்துக்கு 280 வேலை நாள். அந்தக் காலத்தில் எல்லாச் சனிக்கிழமையும் அரை நாள் வங்கி உண்டு என்பதை இளைஞர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். இப்படிப் 14 வருஷம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், பொழுது போகாமல், இதைப் பெருக்கிப் பார்த்தேன். 10,453 மணி நேரம். ஒரு நாள் வேலை எட்டு மணி என்று வைத்தால் 1,306 வேலை நாள். அதாவது நாலரை வருஷத்துக்கு மேல், சம்பளம் இல்லாமல், ரயில்வேயில் வேலை பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடித்த 1,15,000 ரூபாயை அந்த மணிகளால் வகுத்தேன். மணிக்குப் பதினோரு ரூபாய் வந்தது. வட்டியைச் சேர்க்கவில்லை. வங்கிக்காரன் வட்டியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டதற்கு மன்னிக்கவும்.

இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சூரிச் பல்கலைக்கழகத்தில் புருனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டுட்ஸர் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள். பொருளாதாரப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? ஒருவன் தூரமான இடத்தில் குடிபோகிறான் என்றால், வாடகைக் குறைவோ சம்பள உயர்வோ அந்த அலைச்சலை ஈடுகட்டும், இல்லாவிட்டால் போகமாட்டான் என்பது. கணக்கு டேலி ஆகிவிடும் என்று பொருள். இவர்கள் ஜெர்மனியில் வருஷா வருஷம் குடும்பங்களிடம் எடுக்கும் ஒரு பெரிய கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தார்கள். டேலி ஆகவில்லை. அதிக நேரம் பயணம் செய்பவர்கள் வாழ்க்கையில் தங்களுக்குள்ள திருப்தியைக் குறைவாகவே சொல்லியிருந்தார்கள். 2008-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே 'ஈடு தராத மன அழுத்தம்' என்கிற அர்த்தத்தில் இருக்கும். வீட்டின் விலை கண்ணுக்குத் தெரிகிறது, பயணம் தெரிவதில்லை. அதனால்தான் அதைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று நான் புரிந்துகொண்டேன்.

நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 2004-இல் இன்னொரு ஆய்வு செய்தார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றையும் செய்யும்போது மனசு எப்படி இருந்தது என்று எழுதி வாங்கினார்கள். சமையல், துணி துவைப்பு, குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால், காலையில் வேலைக்குப் போகும் பயணம் கடைசியில் நின்றது. நம் பி பிளாக்கிலிருந்து சிறுசேரிக்குக் காலை ஏழு மணிக்கு பைக்கில் கிளம்பும் தம்பிகளைக் கேட்டிருந்தால் இந்தச் செலவே இல்லாமல் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் பயணத்தில் நான் அவ்வளவு துன்பப்படவில்லை. அது ரயில். தாம்பரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். எங்களுக்கு என்று ஒரு பெட்டி, ஒரு மூலை. துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ஹைகோர்ட் குமாஸ்தா ஒருவர், சௌகார்பேட்டையில் கணக்கெழுதும் இரண்டு பேர், நான். தினமணியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொன்றாகப் படிப்போம். மல்லிகை சீசனில் பக்கத்துப் பெட்டியில் பெண்கள் பூத் தொடுத்துக்கொண்டே வருவார்கள். சாயங்கால ரயிலில் அவரைக்காய் ஆய்வார்கள். இறங்கும்போது சமையலில் பாதி வேலை முடிந்திருக்கும். என் மகளுக்கு முதன்முதலில் வரன் சொன்னவர் அந்த ஹைகோர்ட் குமாஸ்தாதான். அந்த வரன் அமையவில்லை, அது வேறு கதை. இதையே பைக்கில் ஹெல்மெட்டோடு குரோம்பேட்டை சிக்னலில் நின்று பாருங்கள். கிலோமீட்டர் அதேதான்.

பிறகு யாருக்கு நஷ்டம்? என் மகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது எனக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் யாரோ ஒரு பெண் வேகமாகச் சைக்கிளில் போகிறாளே என்று பார்த்தால், எங்கள் வீட்டுப் பெண்.

மனைவி விஷயம் அதைவிடப் பெரிது. எனக்கு அது தெரியப் பல வருஷம் ஆயிற்று. திருவல்லிக்கேணியில் மாடிப்படி இறங்கினால் பால் பூத். நாலு வீடு தள்ளி மளிகை. அதற்கடுத்து வெற்றிலைபாக்குக் கடை. ஒரு தடவை மாட வீதியைச் சுற்றிவந்தால் காய்கறி, பூ, கோவில், தையற்காரர், டாக்டர் எல்லாம் முடிந்துவிடும். ஒருநாள் அவள் கடைக்குப் போகவில்லை என்றால் மறுநாள் பூக்காரம்மா, "என்னடி, நேத்து காணோம்? உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். சேலையூரில் எங்கள் தெருவில் அப்போது ஆறு வீடு. மற்றதெல்லாம் முள்ளுச் செடி. மளிகைக் கடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். அவளுக்குச் சைக்கிள் தெரியாது. வாரத்துக்கு ஒருநாள் நான் பாரிமுனையிலிருந்து இரண்டு பையில் சாமான் தூக்கிவருவேன். சாமானுக்குக் குறைவில்லை என்று எனக்குப் பெருமை. 2003-ஆம் வருஷமோ என்னவோ, பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்: "அந்த முதல் மூணு வருஷம் நீங்க ராத்திரி வர்ற வரைக்கும் பெரியவங்க ஒருத்தர்கூடப் பேசாத நாளெல்லாம் உண்டுங்க. மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வந்தா, காப்பி குடிக்கிறீங்களான்னு கேட்பேன்."

நான் போட்ட வெள்ளைத் தாளில் வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரம் சீசன் டிக்கெட் ரூபத்திலாவது இருந்தது. வீட்டுக்கும் கடைக்கும் உள்ள தூரம் எந்தப் பக்கமும் இல்லை. அதை நடந்தவள் அவள், கணக்குப் போட்டவன் நான்.

2005-இல் தாம்பரத்திலேயே ஒரு கிளைக்கு மாற்றல் கிடைத்தது. வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. முதல் வாரம் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாயங்காலம் ஆறே கால் மணிக்கு வீட்டில் இருந்தேன், வெளிச்சம் இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாக ரசம் சாப்பிட்டேன். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனாலும் அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்த மாதிரி இருந்தது. ரொம்பப் பக்கமும் ஆகாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டில், "சார், என் பாஸ்புக்ல ஒரு என்ட்ரி விட்டுப்போச்சு" என்று குரல் கேட்கும். கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில், வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆனால் உங்களுக்குப் பிடிக்கும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். 2001-இல் வெளிவந்த ஆய்வு. சராசரியாக வந்த பதில் 16 நிமிடம். பூஜ்யம் என்று சொன்னவர்கள் மிகக் கொஞ்சம். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே சட்டையை மாற்றுவது மாதிரி மனசை மாற்றக் கொஞ்சம் நடை தேவைப்படுகிறது. கொரோனா காலத்தில் படுக்கையறையையே ஆபீஸ் ஆக்கிக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இத்தாலியில் சேசரே மார்க்கெட்டி என்று ஒரு இயற்பியலாளர் இருந்தார். எந்த ஊரானாலும் எந்தக் காலமானாலும் மனிதன் ஒரு நாளைக்குப் பயணத்துக்குக் கொடுக்கும் நேரம் சராசரியாக ஒரு மணிதான் என்று 1994-இல் எழுதினார். வண்டி வேகமானால் நேரம் மிச்சமாகாது, வீடுதான் தள்ளிப்போகும். நம் ஊரையே பாருங்கள். 1895-இல் மெட்ராஸில் டிராம் ஓடத் தொடங்கியது. 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே ஊர் தெற்கே நகர்ந்தது. இப்போது கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம். அதற்கும் அப்பால் மனை விற்கும் விளம்பரங்கள் நம் வாட்ஸ்அப் குழுவிலேயே வருகின்றன. 'ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்' என்று போட்டிருப்பார்கள். எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று போடமாட்டார்கள். நான் என் வீட்டை விருப்பப்பட்டுத் தூரத்தில் கட்டிக்கொண்டேன். கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களை யாரும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கச் சொல்லவில்லை. கிடைத்தது கான்கிரீட் வீடு. எழும்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பலர், இருபது கிலோமீட்டர் அலைய முடியாமல் வேலையையே விட்டார்கள்.

இனி நம் விஷயம். இவ்வளவு நேரம் சுற்றியது இதற்காகத்தான்.

இரண்டரை வருஷத்துக்கு முன் நம் குடியிருப்பின் பின் கேட்டை மூடினோம். ஒரு மாதத்தில் இரண்டு சைக்கிளும் ஒரு தண்ணீர் மோட்டாரும் காணாமல் போயிருந்தன. அப்போது நான் பொருளாளர். பகல் ஒருவர், இரவு ஒருவர் என்று அந்தக் கேட்டுக்கு இரண்டு வாட்ச்மேன். ஆளுக்கு 13,500 வீதம் மாதம் 27,000 ரூபாய். கேட்டை நிரந்தரமாகப் பூட்டிவிட்டால் 96 வீட்டுக்கும் மெயின்டனன்ஸில் தலா 281 ரூபாய் 25 காசு குறையும் என்று ஒரு தாள் தயாரித்து வந்து பொதுக்குழுவில் வாசித்தேன். கைதட்டினீர்கள். அந்த இருபத்தைந்து காசைச் சொன்னதற்குத்தான் அதிகக் கைதட்டல் என்று ஞாபகம்.

பின் கேட்டுக்கு வெளியே இருக்கும் சந்து உங்களுக்குத் தெரியும். அண்ணாச்சி கடை, மாவு மில், பிள்ளையார் கோவில், தையல் கடை, ஆவின் பூத், சந்து முனையில் பஸ் ஸ்டாப். சென்ற மார்கழியில் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். எங்கள் சி பிளாக் வாசலிலிருந்து பின் கேட் வழியாகப் போக முடிந்தால் அண்ணாச்சி கடைக்கு 240 எட்டு. இப்போது முன் கேட்டில் வெளியேறி, மெயின் ரோட்டில் லாரிகளோடு நடந்து, பெட்ரோல் பங்க் பக்கம் திரும்பிப் போக 1,460 எட்டு. மூன்று நிமிடம் பதினாலு நிமிடமாகிவிட்டது. போக வர இருபத்திரண்டு நிமிடம் அதிகம். மெயின் ரோட்டில் பிளாட்பாரம் கிடையாது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும்.

இருபத்திரண்டு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு மணி நாற்பது நிமிடம் பயணம் செய்தவன் இதைச் சொல்வது எனக்கே வேடிக்கைதான். ஆனால் யாரும் பதினாலு நிமிடம் நடந்து கறிவேப்பிலை வாங்கமாட்டார்கள். கூடும் தூரம் நேரத்தைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, ஒரு அளவுக்கு மேல் அந்த வேலையையே நிறுத்திவிடுகிறது. அண்ணாச்சியிடம் கேட்டேன். "கணக்கெல்லாம் வைக்கல சார். முன்னாடி உங்க அபார்ட்மெண்ட் ஆளுங்க வந்தா கல்லாவுல நிக்க நேரம் இருக்காது. இப்ப நீங்க, அப்புறம் அந்த டி பிளாக் பெரியவர், அவ்ளோதான் தெனம் வர்றது" என்றார். அந்த டி பிளாக் பெரியவருக்கு எண்பத்தொரு வயது. அவர் மெயின் ரோட்டைப் பிடித்து நடப்பதை நான் இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சாமான்தான் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறதே என்று ஒரு தம்பி கேட்டார். உண்மைதான். எங்கள் வீட்டுக்கும் வருகிறது. கொத்துமல்லி வாடாமல் வருகிறது. கொண்டுவரும் பையன் லிப்டுக்கு ஓடுகிற ஓட்டத்தில் அவன் முகத்தைக்கூடப் பார்க்க முடிவதில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி. தினம் அரை மணி நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முன்பு காலையில் ஆவின் பூத், சாயங்காலம் பிள்ளையார் கோவில் என்று அது தானாக நடந்துகொண்டிருந்தது. இப்போது நாலு பிளாக்கையும் ஏழு சுற்றுச் சுற்றுகிறாள். "செக்கு மாடு மாதிரி இருக்குங்க" என்றாள் போன மாதம். சேலையூர் தாளை எழுதியவன் நான், பின் கேட் தாளை எழுதியவனும் நான். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மீட்டர் ரீடிங்காரரைப் பற்றி அவள் சொன்னது எனக்குத்தான் ஞாபகம் வந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்கில் மூன்று வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு வீடு அந்தச் சந்துக்குப் பின்னால். பின் கேட் வழியாக ஆறு நிமிடம். இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவே அவருக்கு நாற்பது நிமிடம் இடைவெளி கிடைக்கும். அதில் வீட்டுக்குப் போய்ப் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்குச் சோறு கொடுத்துவிட்டு வருவார். கேட் மூடிய பிறகு ஒரு வழிக்குப் பதினேழு நிமிடம். போக வர முப்பத்து நாலு. மிச்சம் ஆறு நிமிடம். "ஆறு நிமிசத்துல அவங்களத் தூக்கி உக்கார வைக்கத்தான் சார் முடியும்" என்றார். இப்போது காலையிலேயே டிபன் பாக்ஸில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறார். இரண்டரை வருஷமாக இது நடக்கிறது. அவர் எங்கள் வீட்டில்தான் வேலை செய்கிறார். நான் போன மாதம்தான் கேட்டேன். அவரும் அதுவரை சொல்லவில்லை. பொதுக்குழுவில் அவருக்கு ஓட்டு கிடையாது.

ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில், தினசரிப் பயண நேரம் பத்து நிமிடம் கூடினால் ஊர்ப் பொதுக் காரியங்களில் ஈடுபாடு பத்து சதவீதம் குறைகிறது என்று எழுதியிருக்கிறார். 96 வீட்டில் நம் பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டை எழுதியவன் நான். வராதவர்களைக் குறை சொல்லிப் பேசியிருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர் பத்து மணிக்கு சின்டெக்ஸ் டேங்க் டெண்டரைப் பற்றி விவாதிக்க வருவார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

பாரிஸ் நகரத்தில் 2020-லிருந்து 'பதினைந்து நிமிட நகரம்' என்று பேசுகிறார்கள். கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியரின் யோசனை. கடை, பள்ளிக்கூடம், மருத்துவர், பூங்கா எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ பதினைந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். மயிலாப்பூர் மாட வீதியிலோ கும்பகோணத்திலோ வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பாரிஸ்காரர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து அதைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். நம் சந்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. நாம் பூட்டுப் போட்டிருக்கிறோம்.

பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சைக்கிள் போனது என் பேரனுடையதும்தான். ராத்திரி முழுவதும் கேட் திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. காலை 6 முதல் 10, மத்தியானம் 12 முதல் 2, சாயங்காலம் 4 முதல் 8. பத்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு வாட்ச்மேன், ஒரு சிசிடிவி கேமரா. இன்றைய சம்பளத்தில் மாதம் 15,000 ரூபாய் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு 156 ரூபாய் 25 காசு. இருபத்தைந்து காசு இந்தத் தடவையும் வந்துவிட்டது, நான் வேண்டுமென்று செய்யவில்லை. கேமராவுக்கும் கதவுக்கும் ஆகும் ஒருமுறைச் செலவை சிங்கிங் ஃபண்டில் எடுக்கலாமா கூடாதா என்று இப்போதைய பொருளாளர் சொல்வார். அதில் நான் தலையிடவில்லை.

மார்ச் மாதப் பொதுக்குழுவில் இது தீர்மானமாக வருகிறது. இரண்டரை வருஷத்துக்கு முந்தைய என் தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். பழைய தாளில் சிவப்பு மையில் கட்டம் கட்டியிருக்கும் வரிகள், அப்போது நான் எழுத விட்டவை. உங்கள் வீட்டில் வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதே தாளில் கீழே எழுதுங்கள். பேனாவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், வங்கிப் பழக்கம்.

ஏ பிளாக்காரர்களுக்கு ஒன்று. உங்களுக்கு முன் கேட்தான் பக்கம். பின் கேட் வழியாகப் போனாலும் உங்களுக்கு 900 எட்டுக்கு மேல் ஆகும். எண்ணிப் பார்த்துவிட்டேன். உங்களிடம் 156 ரூபாய் கேட்கிறோம், பலன் எங்களுக்குத்தான் அதிகம். அதை மறைத்து ஓட்டுக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, உங்கள் பிளாக்கின் கீழ்த்தள ஹாலில்தான் நடக்கிறது. அன்று டி பிளாக் பெரியவர் உங்களைவிடத் தூரத்திலிருந்து நடந்து வருவார்.